சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள், ஜாயின்ட்டைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் சொல்வது இதுதான். "சி.பி.யூ. பெட்டியைத் திறந்து, ராம் மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, மறுபடியும் அழுத்தி மாட்டிப் பாருங்கள்." பத்துக்கு ஏழு தடவை அதிலேயே சரியாகிவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டிய அவசியமே இருக்காது.

ஊருக்கெல்லாம் இந்த உபதேசத்தைச் செய்துகொண்டிருந்த நான், என் வீட்டு மாடி அறையில் ஓடும் மாடல் ரயிலுக்கு அதே உபதேசத்தைச் செய்துகொள்ள ஒன்றரை வருடம் பிடித்தது. அதற்குள் இரண்டு டிகோடர், ஒரு யு.எஸ்.பி. கேபிள், ஒரு பழைய லேப்டாப் எல்லாம் மாறிவிட்டன. என் பையனின் ஆர்வமும் போய்விட்டது. "அப்பா, இது எப்பப் பார்த்தாலும் ரிப்பேர்ப்பா" என்று சொல்லிவிட்டு அவன் மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டான்.

மாடல் ரயிலைக் கம்ப்யூட்டரால் ஓட்டுவது பற்றி எழுதுகிறவர்கள் (நானும் ஒருவன்தான்) பெரும்பாலும் சாஃப்ட்வேரில் தொடங்கி சாஃப்ட்வேரிலேயே முடித்துவிடுகிறார்கள். அது தப்பு என்பது என் கருத்து. தண்டவாளத்தில் கரன்ட் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்காமல் கம்ப்யூட்டரை இணைப்பது, லூசான பிளக் பாயின்ட்டில் சர்வரை மாட்டுவது போல. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பழைய முறையில் கன்ட்ரோலர் டப்பாவின் குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் வோல்டேஜ் கூடும், ரயில் வேகமாக ஓடும். திசை மாற்ற வேண்டுமென்றால் பிளஸ், மைனஸை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். ஹெச்.ஓ. அளவு ரயிலுக்குச் சுமார் 14, 15 வோல்ட். இன்ஜினுக்குத் தேவையான கரன்ட்டும் அதற்கான கட்டளையும் அதே இரண்டு தண்டவாளத்தில்தான் சேர்ந்து வருகின்றன. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன போர்டு கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டுகிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை, அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாடல் ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ஒரு கம்பெனி இன்ஜினை இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரில் ஓட்ட முடிகிறது.

கட்டளை எப்படிப் போகிறது என்பது நம் பத்திரிகை வாசகர்களுக்கு ருசிக்கும். பிளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி வரும் ஒரு சதுர அலை. 58 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை மாறினால் அது 1. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அது 0. ஒரு சாதாரண வேகக் கட்டளையில் முதலில் 14 முறை 1, அதன்பின் இன்ஜின் எண் ஒரு பைட், வேகம் ஒரு பைட், கடைசியில் பிழை பார்க்க ஒரு பைட். மொத்தம் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 6 மில்லி விநாடி. நடுவில் ஒரு பிட் தவறினாலும் பிழை பைட் ஒத்துப்போகாது. டிகோடர் அந்தக் கட்டளை முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் கன்ட்ரோலர் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பதால் இதனால் மட்டும் பெரிய நஷ்டம் வராது. கரன்ட்டே ஒரு கணம் அறுந்துபோனால்தான் தொல்லை. டிகோடருக்குள் இருப்பது ஒரு குட்டி கம்ப்யூட்டர் அல்லவா? அது ரீஸ்டார்ட் ஆகும். ஹெட்லைட் அணைந்து எரியும், சத்தம் போடும் இன்ஜின் முதலிலிருந்து மறுபடி சத்தம் போடும், ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நின்று நகரும்.

பழைய முறையில் இதே பழுது இருந்தால் அந்த இடத்தில் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். டிஜிட்டலில் அது "சிஸ்டம் கோளாறு" மாதிரி தெரிகிறது. பார்க்கிறவன் சந்தேகப்படுவதும் சிஸ்டத்தைத்தான்.

நானும் அதைத்தான் செய்தேன். 2021 லாக்டவுன் சமயத்தில் 12 அடிக்கு 4 அடி மேஜை போட்டு, ஒரு நீள்வட்டப் பாதையும் இரண்டு சைடிங்கும் அமைத்தேன். கம்ப்யூட்டரில் ஜே.எம்.ஆர்.ஐ. சாஃப்ட்வேர். ஜாவாவில் எழுதப்பட்ட இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. இதன் புரோகிராமை வேறொருவர் தன் வணிக சாஃப்ட்வேரில் எடுத்துப் பயன்படுத்தியதாக, இதைத் தொடங்கிய ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியர் வழக்குப் போட்டார். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். பொம்மை ரயில் என்று சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மேஜையின் ஒரு ஓரத்தில் கன்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயர் தண்டவாளத்துக்குப் போகிறது. அதற்கு நேர் எதிர் மூலையில் இன்ஜின் நின்று நின்று போனது. முதல் சந்தேகம் ஜாவா. நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். அடுத்து யு.எஸ்.பி. டிரைவர். அடுத்து கேபிள். அடுத்து லேப்டாப். அப்புறம் டிகோடரின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். பிறகு டிகோடரையே மாற்றினேன். எல்லா இன்ஜினும் ஒரே மூலையில் நிற்கிறதே, அப்படியானால் குற்றம் இன்ஜினில் இருக்க முடியாதே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் செட்டிங்காகவே தெரியும் போலிருக்கிறது.

பெரியப்பாவின் கேள்வி

என் பெரியப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தார். மாடிக்கு அழைத்துப்போய் என் ரயிலைக் காட்டினேன். வழக்கம் போல அந்த மூலையில் நின்றது. நான் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, ஜாயின்ட்டுக்கு பாண்ட் ஒயர் எங்க?"

"அதெல்லாம் வேண்டாம் பெரியப்பா. துண்டுக்குத் துண்டு இந்த பிளேட்லேயே கரன்ட் போயிடும்."

"பிளேட்டு தண்டவாளத்தை நேரா புடிச்சு நிறுத்தத்தான்டா. கரன்டுக்கு யாராவது பிளேட்டை நம்புவாங்களா?"

நிஜ ரயில் பாதையில் ரயில் இருக்கிற இடத்தை அடையாளம் காட்டுவது டிராக் சர்க்யூட். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பகுதியின் ஒரு முனையில் சிறிய வோல்டேஜ் கொடுத்து, மறுமுனையில் ரிலே வைத்திருப்பார்கள். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். ரிலேவுக்குக் கரன்ட் போகாது, சிக்னல் சிவப்பாகும். இந்தக் கரன்ட் தண்டவாளம் தண்டவாளமாகப் போக வேண்டும். நடுவில் ஜாயின்ட் இருக்கிறது. போல்ட் போட்டு இறுக்கிய, கிலோ கணக்கில் எடையுள்ள ஃபிஷ் பிளேட் இருக்கிறது. ஆனாலும் அதை நம்பாமல், ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தாண்டித் தனியாக ஒயர் போட்டிருப்பார்கள். அதுதான் பாண்ட். வெல்டிங் செய்யாத ஜாயின்ட் இருக்கும் இடத்தில் பிளாட்பாரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும். அந்த ஒயர் அறுந்தால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். ஆபத்து இல்லை, தாமதம்தான்.

நம் மேஜை மேல் இருப்பதோ விரல் நகத்தை விடச் சின்னதாக, மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பிளேட். போல்ட் கிடையாது. தண்டவாளத்தின் அடியைக் கவ்விப் பிடித்திருப்பதுதான் அதன் முழு பலம். நாலு தடவை கழற்றி மாட்டினால் கவ்வல் தளரும். என் வீடு கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். உப்புக் காற்று. சில செட்டுகளில் பிளேட் மட்டுமல்ல, தண்டவாளமே ஸ்டீல், அது துருப்பிடிக்கும். பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போனால் அந்தக் கறுப்பு கரன்ட்டைச் சரியாகக் கடத்தாது. இப்போது பெரும்பாலும் வருவது நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். இது நல்ல சமாளிப்பு என்றாலும், செம்போடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல் மின்தடை உள்ளது. ஆக தண்டவாளத்தையே ஒயராக நினைத்து மைல் கணக்கில் கரன்ட் அனுப்புவது எந்த விதத்திலும் நல்ல யோசனை இல்லை.

நின்றால் போகிறது, உருகினால்?

ரயில் நிற்பது எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஆனால் அதே காரணத்தால் வேறொன்றும் நடக்கும். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

அந்தப் பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு, தூர மூலையில் ஒரு வேகன் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. நான் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கன்ட்ரோலர் தானாக ஆஃப் ஆக வேண்டும். ஆகவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்து ஓடிப் பார்த்தால், வேகனின் அடிப்பகுதி இளகி, நாலைந்து ஸ்லீப்பர் கட்டை உருகி, ஒரு பிளேட் தொட முடியாத சூட்டில் இருக்கிறது. என் தங்கை மகள், ஆறு வயது, மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கன்ட்ரோலர் பழுது என்றுதான் நினைத்தேன். பழுதில்லை. கணக்குப் போட்டால் புரிகிறது. என் கன்ட்ரோலர் 5 ஆம்பியருக்கு மேல் போனால்தான் ஷார்ட் என்று நினைத்து ஆஃப் ஆகும். என் நீள்வட்டத்தில் 50 துண்டுகள். ஒயர் கொடுத்த இடத்திலிருந்து எதிர் மூலைக்கு 25 ஜாயின்ட். இரண்டு தண்டவாளத்துக்கும் சேர்த்து 50. தளர்ந்த ஒரு ஜாயின்ட்டுக்கு வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 5 ஓம். வட்டம் என்பதால் மறுபக்கம் வழியாகவும் கரன்ட் போகுமே என்பீர்கள். மறுபக்கத்தில் ஒரு ஜாயின்ட் முழுசாக விட்டிருந்தது, அதைப் பின்னால்தான் கண்டுபிடித்தேன். 15 வோல்ட்டை 5 ஓமால் வகுத்தால் 3 ஆம்பியர். கன்ட்ரோலரின் கண்ணுக்கு அது ஷார்ட்டே இல்லை, ஏதோ நாலைந்து இன்ஜின் சேர்ந்து ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும். 3 ஆம்பியர், 15 வோல்ட் என்றால் 45 வாட் சூடு. கடையில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். சூடு எல்லா ஜாயின்ட்டுக்கும் சமமாகப் பிரிந்தால் பரவாயில்லை. பிரியாது. எது மோசமான ஜாயின்ட்டோ அங்கேதான் அதிகம் சுடும்.

உங்கள் வீட்டில் டி.சி.சி. ரயில் இருந்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, தண்டவாளத்தின் குறுக்கே ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை வைத்து எடுங்கள். ஹெச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான், காசு எட்டும். வைத்த உடனே கன்ட்ரோலர் ஆஃப் ஆக வேண்டும். எந்த இடத்தில் ஆகவில்லையோ, காசை உடனே எடுத்துவிட்டு அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். என் மேஜையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாக்பீஸ் ஆனது. பழைய குமிழ் கன்ட்ரோலரில் இந்தச் சோதனை வேண்டாம். அதற்கு வேறு வழி உண்டு: ஸ்கூட்டர் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பை இரண்டு ஒயரோடு எடுத்துக்கொண்டு, கன்ட்ரோலரை முழுதாகத் திருப்பி வைத்து, தண்டவாளத்தின் மேல் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். எங்கே மங்குகிறதோ அங்கே ஜாயின்ட் சரியில்லை. மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கரன்ட் ஓடாதபோது எவ்வளவு மோசமான ஜாயின்ட்டும் முழு வோல்டேஜைக் காட்டும்.

செய்தது என்ன?

ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் நேரடியாக ஒயர் போய்ச் சேர வேண்டும். இதுதான் நான் ஏற்றுக்கொண்ட விதி. 50 துண்டுக்கும் இரண்டிரண்டு ஒயர் என்றால் நூறு ஒயர் ஆகிறது. பாதியில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்று விட்டு ஒரு ஜாயின்ட்டில் பிளேட்டையும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்து சால்டர் செய்து, அந்த இடத்திலேயே ஒயரையும் பற்ற வைத்துவிட்டால், ஒரு ஒயர் இரண்டு துண்டுக்கு ஆகிறது. நடுவில் உள்ள மற்ற ஜாயின்ட்டுகளை சால்டர் செய்யாமல் விட்டுவிடலாம். அவை விரிந்து சுருங்க இடம் கொடுக்கும். நம் ஊர் வெயிலுக்கு இது அவசியமா என்றால், 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மீட்டர் தண்டவாளம் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் மழைக்காலத்தில் மேஜைப் பலகை ஊதிக்கொள்கிறதே, அதற்கு இந்த இடைவெளி வேண்டும். எல்லா ஜாயின்ட்டையும் சால்டர் செய்துவிட்டு, ஐப்பசியில் தண்டவாளம் நெளிந்து நிற்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு.

மேஜைக்கு அடியில் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சிவப்பும் கறுப்பும், சுற்றிலும் ஓடுகிறது. தண்டவாளத்திலிருந்து இறங்கும் சின்ன ஒயர் 0.5 போதும், நீளம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். வெளிப்பக்கத் தண்டவாளம் சிவப்பு, உள்பக்கம் கறுப்பு. ஒவ்வொரு ஒயர் பற்ற வைத்ததும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நான் ஒரு இடத்தில் சோம்பல்பட்டு ஐந்தை ஒன்றாக முடித்தேன். அதில் ஒன்று மாறிப்போய், எது என்று தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போனது.

சால்டரிங் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஸ்லீப்பர் உருகிவிடுமே என்று பயந்து சின்ன அயர்னை வைத்து நீண்ட நேரம் சுட்டால்தான் உருகும். 60 வாட் அயர்னை நன்றாகக் காயவைத்து இரண்டே விநாடியில் பற்ற வைத்து எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டால் சூடு பரவாது. ரோசின் ஃப்ளக்ஸ் மட்டுமே பயன்படுத்துங்கள். தகர வேலைக்கும் பைப் வேலைக்கும் போடும் ஆசிட் கலந்த பசை வேண்டாம். அன்றைக்குப் பளபளவென்று ஒட்டும், ஆறு மாதத்தில் பச்சை பூத்து நிற்கும்.

மொத்தம் மூன்று வார இறுதி. செலவு, நான் வீணாக வாங்கிய ஒரு டிகோடரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. முடிந்ததும் காசை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன். வைத்த இடத்திலெல்லாம் டக், டக் என்று ஆஃப் ஆனது. அதைவிட இனிமையான சத்தம் அந்த அறையில் கேட்டதில்லை.

மறுப்புகள் சில

இதற்கு மாற்றுக் கருத்து உடையவர்கள் இருக்கிறார்கள். "ஸ்டே அலைவ் கெபாசிட்டர் ஒன்று போட்டுவிட்டால் போதும், அரை விநாடி கரன்ட் இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடும்" என்பது ஒரு கட்சி. நாலே சக்கரம் கொண்ட குட்டி இன்ஜினுக்கு அது நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் வைத்தியமாக அதைச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவரில் பிளக் லூசாக இருக்கிறது என்பதற்காக யு.பி.எஸ். வாங்குவது போன்றது அது. ரயில் ஓடும், ஜாயின்ட் சுட்டுக்கொண்டே இருக்கும். ஷார்ட் ஆனால் கன்ட்ரோலர் ஆஃப் ஆகுமா என்ற கேள்விக்கு கெபாசிட்டரிடம் பதில் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை தரையில் விரித்து, சாயங்காலம் பெட்டியில் எடுத்து வைக்கிறோம், நாங்கள் எப்படி சால்டர் செய்வது?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஜப்பானின் கேட்டோ போன்ற கம்பெனிகளின் அடித்தளத்தோடு சேர்ந்த பாதைகளில் ஜாயின்ட் நன்றாகவே பிடிக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வட்டத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஒயர் கொடுத்தாலே போதும். தளர்ந்த பிளேட்டை மூக்கு பிளையரால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டாவது தடவையும் தளர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். பத்து ரூபாய்ப் பொருளுக்குப் பாவம் பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்வது பற்றியும் நிறைய சண்டை உண்டு. நான் வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கிறேன். துணி கறுப்பாகும் வரை அல்ல, வெள்ளையாகவே வரும் வரை. அது ஆவியாகி எரியக்கூடியது, கன்ட்ரோலரை ஆஃப் செய்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தொடுவேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோடு கோடாக விழுந்து, அடுத்த வாரம் அதிலேயே அழுக்கு சேரும். ஸ்டீல் கம்பளி கூடவே கூடாது. அதன் தூள் இன்ஜின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைத் துடைக்காமல் தண்டவாளத்தை மட்டும் துடைப்பது பாதி வேலை. ரப்பர் வளையம் போட்ட சக்கரம் கரன்ட்டே எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தையல் மிஷின் ஆயிலை இன்ஜினுக்குத் தாராளமாக விட்டால் அது வழிந்து தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொள்ளும். ஒரு ஊசி முனை அளவு போதும்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சால்டரிங் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1940களில் தொடங்கிய மாடல் ரயில் கிளப் ஒன்று உண்டு. அதில் மேஜைக்கு மேலே மலையும் வீடும் செய்து அழகு பார்த்தவர்கள் ஒரு கூட்டம். மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயரையும் டெலிபோன் ரிலேக்களையும் கட்டி மேய்த்தவர்கள் இன்னொரு கூட்டம். "சிக்னல் மற்றும் பவர்" துணைக் குழு என்று அதற்குப் பெயர். ஹேக்கர் என்ற சொல்லுக்கு இன்றைய கம்ப்யூட்டர் அர்த்தம் வளர்ந்தது அவர்களிடம்தான். 1962இல் ஸ்பேஸ்வார் என்ற கம்ப்யூட்டர் கேம் வந்ததும் அந்த வட்டத்திலிருந்துதான். புரோகிராம் எழுதும் முன் அவர்கள் ஒயர் கட்டினார்கள்.

இப்போது என் மேஜையில் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. இரண்டாவது சைடிங்குக்குத் திரும்பும் பாயின்ட்டில் சின்ன இன்ஜின் இன்னும் நிற்கிறது. அந்தப் பாயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம் பிளாஸ்டிக். சக்கரம் அதன் மேல் இருக்கும்போது கரன்ட் கிடையாது. நீண்ட இன்ஜின் மற்ற சக்கரங்களால் கரன்ட் எடுத்துக்கொண்டு தாண்டிவிடும், நாலு சக்கர இன்ஜின் தாண்டாது. அதோடு அசையும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டுத்தான் கரன்ட் வாங்குகிறது, அந்தத் தொடுதலும் தூசி பட்டால் போய்விடும். அந்த இடத்தில் உலோகம் வைத்த பாயின்ட்டாக மாற்றி, அதற்குத் தனி ஸ்விட்ச் வழியாகக் கரன்ட் கொடுக்க வேண்டும். மழை நின்று பலகை காய்ந்த பிறகுதான் அதில் கை வைக்கப் போகிறேன்.

பையன் திரும்ப வந்துவிட்டான். மாடிக்கு அல்ல. ஜே.எம்.ஆர்.ஐ.யோடு மொபைல் போனை வை-ஃபை மூலம் இணைத்து ரயிலை ஓட்டலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டு, கீழே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே மேலே ரயிலை ஓட்டுகிறான். சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் போகிறது என்று சொல்கிறான். "சாப்பிடும்போது போனை வைடா" என்று அவன் அம்மா என்னைப் பார்த்துத்தான் முறைக்கிறாள்.